கால்ஃப் டிரைவரின் தலை ஆடுகிறது, ரெஞ்ச் இல்லை. நாகர்கோவில் பக்கம் என்ன வழி?

மணவாளக்குறிச்சி கடலோரம்:

எல்லாருக்கும் வணக்கம். மாமா துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார், வரும்போது அங்கே விளையாடிய டெய்லர்மேட் டிரைவர் (தூரமாக அடிக்கும் கால்ஃப் மட்டை) ஒன்றை எனக்குக் கொடுத்தார். எனக்கு வேலை திருவனந்தபுரத்தில், கவடியார் மைதானத்தில் நண்பர் ஒருவர் பழக்கிவிட்டதிலிருந்து இந்த விளையாட்டை விட முடியவில்லை. ஊருக்கு வந்தால் கடற்கரையில் சும்மா வீசிப் பழகுவேன்.

பிரச்சினை என்னவென்றால், போன வாரம் அடிக்கும்போது கழுத்துப் பக்கம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். தலையைப் பிடித்துத் திருகினால் லேசாக அசைகிறது. தலையின் அடியில், தண்டு சேரும் குதிகால் பக்கத்தில் ஆறு முனை நட்சத்திரம் மாதிரி குழி உள்ள ஸ்குரூ இருக்கிறது. அதை முறுக்கும் சாவி துபாயிலேயே தொலைந்துவிட்டதாம். வீட்டிலிருந்த 4 மில்லி ஆலன் கீயைப் போட்டுப் பார்த்தேன், வழுக்கிவிட்டது, குழியின் விளிம்பு லேசாகப் பளபளக்கிறது. பிறகு ஒரு பைக் ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவை வைத்து முறுக்கும் ரெஞ்ச்) இருந்தது, ஆனால் கை நீளத்துக்குப் பெரிதாக இருந்ததைப் பார்த்துப் பயந்து திரும்பி வந்துவிட்டேன். எந்த ரெஞ்ச் வேண்டும், எவ்வளவு முறுக்க வேண்டும்? ஞாயிறு விளையாடப் போகணும்.

தக்கலை ஸ்பேனர்:

தம்பி, திரும்பி வந்தது ரொம்ப நல்லது. நான் வண்டி வேலை பார்ப்பவன், கால்ஃப் தெரியாது, ஆனால் முறுக்கு தெரியும். ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் பார்த்தது அரை இஞ்ச் டிரைவ் ரெஞ்சாக இருக்கும். அதில் அளவு பெரும்பாலும் 20, 30 நியூட்டன் மீட்டருக்கு மேலேதான் தொடங்கும், கார் சக்கர நட்டு 100 பக்கம் வாங்கும் இல்லையா, அதற்கானது. சின்ன ஸ்குரூவுக்கு அதைப் போட்டால் 'டக்' சத்தம் வருவதற்கு முன்னால் ஸ்குரூவே அறுந்துவிடும். உங்கள் ஸ்குரூவுக்கு என்ன அளவு என்று விளையாடுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள். ஆலன் கீயை மட்டும் இனி அந்தக் குழிக்குள் விடாதீர்கள்.

குலசேகரம் ஓய்வு:

ராணுவத்தில் இருந்தபோது வெலிங்டனில் ஆடத் தொடங்கியவன். நீங்கள் தேடுவது டி25 என்ற அளவுள்ள நட்சத்திர பிட். இப்போது வரும் டிரைவர்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான். முறுக்கு அளவு 40 இஞ்ச் பவுண்டு, நம் கணக்கில் சுமார் 4.5 நியூட்டன் மீட்டர். கால்ஃப் ரெஞ்ச் அந்த அளவுக்கே செய்யப்பட்டது, 40 வந்ததும் 'டக்' என்று விட்டுக்கொடுக்கும், அதற்கு மேல் ஏறாது. ஆன்லைனில் டி25, 40 இஞ்ச் பவுண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சும்மா டி25 கைப்பிடி என்று விற்பதை வாங்க வேண்டாம், அது எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கும்.

மார்த்தாண்டம் சைக்கிள்:

ஞாயிறுக்குள் பார்சல் வராது என்றால் நல்ல சைக்கிள் கடையில் கேளுங்கள். டிஸ்க் பிரேக் ரோட்டர் போல்ட் பலவற்றுக்கும் டி25 தான், முறுக்கும் ஏறக்குறைய இதே அளவு. கியர் சைக்கிள் பழுது பார்ப்பவர்களிடம் கால் இஞ்ச் டிரைவ், 2 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை வைக்கிற சின்ன டார்க் ரெஞ்ச் இருக்கும். 4.5இல் வைத்து முறுக்கச் சொல்லுங்கள். கார்பன் ஹேண்டில்பாருக்கு என்று 5இல் பூட்டிய கைப்பிடி ஒன்று வரும், அதை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அரை நியூட்டன் மீட்டர்தான் என்றாலும் கூடுதல் கூடுதல்தான்.

மணவாளக்குறிச்சி கடலோரம்:

நன்றி அண்ணே, எல்லாருக்கும். நாகர்கோவிலில் ஒரு கடையில் அந்தச் சின்ன டார்க் ரெஞ்ச் கிடைத்தது. ஆனால் பிட் உள்ளே முழுசாக இறங்கவில்லை, பாதியில் நிற்கிறது. அளவு தப்போ?

தக்கலை ஸ்பேனர்:

அளவு சரிதான். குழியில் அழுக்கு இருக்கும். பாதி இறங்கின பிட்டை வைத்து முறுக்கினால் மீதி விளிம்பும் போய்விடும், கொஞ்சம் பொறுங்கள். ஊக்கு ஒன்றை எடுத்து ஆறு மூலையிலும் சுரண்டுங்கள், பிறகு பழைய டூத் பிரஷ். காந்த பிட் இருந்தால் விட்டு எடுத்துப் பாருங்கள், என்ன ஒட்டி வருகிறது என்று.

மணவாளக்குறிச்சி கடலோரம்:

அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே. பிட் வெளியே வந்தபோது முனை முழுக்க மீசை முளைத்த மாதிரி கருமணல். எங்கள் கடற்கரை மண் காந்தத்தில் ஒட்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே விளையாடியிருக்கிறோம், அது ஸ்குரூ குழிக்குள் போய் உட்காரும் என்று யோசிக்கவே இல்லை. கீழே காய்ந்த புல்லும் உப்பும் கட்டியாக இருந்தது. நாலு தடவை குத்தி எடுத்து ஊதிய பிறகு பிட் 'சர்' என்று அடிவரை இறங்கியது.

குலசேகரம் ஓய்வு:

நேரே முறுக்கிவிடாதீர்கள். முதலில் இடப்பக்கம் திருப்பித் தலையைக் கழற்றுங்கள், கழற்ற சாதாரண கைப்பிடியே போதும், டக் ரெஞ்சைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தினால் அதன் அளவு கெடலாம். தண்டின் முனையில் உள்ள அலுமினிய உறையையும் கழுத்தின் உள்ளே பல்லையும் துணியால் துடையுங்கள். மணல் ஒரு மணி இருந்தாலும் சரியாக அமராது, நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் நாலு அடியில் தளர்ந்துவிடும். உங்கள் டிக் டிக் சத்தத்துக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிறகு உறையில் எழுதியிருக்கும் குறியைப் பார்த்து, மாமா வைத்திருந்த அதே இடத்தில் செருகுங்கள். ஒரு பல் மாறினாலும் லாஃப்ட் (முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) மாறும், லாஃப்ட் கூடினால் முகமும் சற்று இடப்பக்கம் மூடும், பந்து ஏன் இப்படிப் போகிறது என்று குழம்பிப்போவீர்கள். தலையைத் துணி சுற்றித் தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொள்ளுங்கள், பட்டறை வைசில் வைக்க வேண்டாம்.

மணவாளக்குறிச்சி கடலோரம்:

முடிந்தது! உறையில் கருமணல் ஒரு வளையமாகவே இருந்தது. 4.5இல் வைத்து முறுக்கினோம், நான் நினைத்ததில் கால்வாசி பலம்கூடத் தேவைப்படவில்லை, 'டக்' என்றது, நிறுத்திவிட்டோம். தலை கொஞ்சமும் அசையவில்லை. ஆலன் கீ போட்ட விளிம்பும் பிட்டைத் தாங்கிக்கொண்டது. கால்ஃப் ரெஞ்சும் ஆர்டர் போட்டுவிட்டேன். இன்னும் ஒன்று: அதைப் பையில் வைத்திருந்து, ஆட்டத்துக்கு நடுவில் லாஃப்டை மாற்றிக்கொள்ளலாமா?

குலசேகரம் ஓய்வு:

பையில் வைத்திருக்கலாம். சுற்று தொடங்கிய பிறகு வேண்டுமென்றே மாற்றி அதில் அடித்தால் தண்டனை, மாற்றிவிட்டாலும் அடிப்பதற்கு முன்னால் பழையபடி வைத்துவிட்டால் தண்டனை இல்லை. தானாகத் தளர்ந்தால் இருந்த நிலையிலேயே முறுக்கிக்கொள்ளலாம். 2008க்கு முன்னால் எடையைத் தவிர வேறெதையும் மாற்றும்படி மட்டை இருந்தாலே அமெரிக்க விதியில் இடம் கிடையாது, எங்கள் காலத்தில் இந்தச் சாவியே பார்த்ததில்லை. ஞாயிறு முதல் ஒன்பது குழி ஆடியதும் ஒரு தடவை பிட்டை வைத்துப் பாருங்கள், புதிதாக முறுக்கியது கொஞ்சம் அமர்ந்திருக்கும். அப்புறம், கடற்கரையில் பழகும்போது மாமாவின் டிரைவர் வேண்டாம், பழைய இரும்பு மட்டை ஒன்றை எடுத்துப் போங்கள்.

மணவாளக்குறிச்சி கடலோரம்:

சரி சார். மாமாவிடம் பழைய 7ஆம் நம்பர் கேட்டிருக்கிறேன்.