‘அறுத்திருக்கலாம்’ என்பதற்கு ஷுட் ஹேவா, குட் ஹேவா? அவசரம்

நீடாமங்கலம் மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். கல்லூரிக்கு ஒரு குறும்படம் எடுத்திருக்கிறோம், ஆங்கில சப்டைட்டில் போட வேண்டும். அதில் அப்பா “நாலு நாள் முன்னாடியே அறுத்திருக்கலாம்” என்கிறார். ஷுட் ஹேவ் (should have) வருமா, குட் ஹேவ் (could have) வருமா? குழுவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இன்று ராத்திரி அனுப்பியாக வேண்டும், ப்ளீஸ்.

கடைமடைக்காரன்:
குட் ஹேவ்தான். ‘லாம்’ வந்தால் குட், ‘வேண்டும்’ வந்தால் ஷுட். இந்த ஒரு விதி போதும், போட்டு அனுப்புங்கள்.

அம்மாபேட்டை டீச்சர்:
அவசரப்படாதேம்மா. யார் அறுத்திருக்கலாம்? அப்பா தன்னைச் சொல்கிறாரா, அடுத்தவரையா? “பக்கத்து வயல்காரர் அறுத்திருக்கலாம்” என்றால், ஒருவேளை அறுத்து முடித்திருப்பார் என்றும் பொருள் வரும். அது மைட் ஹேவ். முன்னும் பின்னும் என்ன பேசுகிறார் என்று போடு.

வெண்ணாற்றங்கரை:
என்ன பயிர், அறுவடை ஆனதா இல்லையா? அதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் ஷுட், குட் இரண்டுமே வேண்டாம். ஐ விஷ் வி ஹேட் ஹார்வெஸ்டட் எர்லியர் என்று போடுங்கள். கடந்த கால வருத்தம் எதுவானாலும் விஷ் ஹேட் தாங்கும்.

ஆங்கில ஆசான்:
பிளஸ் டூ முடித்தவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டிய பாடம் இது. ஷுட், குட், வுட், மைட், மஸ்ட் எது வந்தாலும் அடுத்து ஹேவ், அதற்கடுத்து வினையின் மூன்றாம் வடிவம். ஹி, ஷி வந்தாலும் ஹேஸ் ஆகாது. நடந்து முடிந்த சங்கதி என்பதற்காக ஷுட் ஹேட் என்றும் எழுதக் கூடாது. ஷுட் ஆஃப் (should of) என்பது காதால் கேட்டு எழுதிய பிழை. அடிப்படை இல்லாமல் சப்டைட்டில் வேலைக்கு வருகிறார்கள். விஷ் என்பது ஷுட், குட் போல மோடல் (துணை) வினையே அல்ல என்பதையும் மேலே உள்ள நண்பர் தெரிந்துகொள்ளட்டும்.

அம்மாபேட்டை டீச்சர்:
வடிவம் அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது சார். எதை எடுப்பது என்றுதான் கேட்கிறது.

கடைமடைக்காரன்:
இன்னொன்று. குறுவை நெல்லாக இருந்தால் நாலு நாள் முன்னால் அறுத்து என்ன ஆகப் போகிறது? பச்சையாக இருக்கும். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைத்தால் அங்கேயும் மழை.

வெண்ணாற்றங்கரை:
நனைந்து முளைத்துப் போவதற்குப் பச்சை நெல் மேல் இல்லையா? மழைக் காலத்தில் சில வருடம் மத்திய அரசு ஈரப்பத அளவைத் தளர்த்தியும் இருக்கிறது.

கடைமடைக்காரன்:
தளர்வுக்கான உத்தரவு வருவதற்குள் நெல் முளைத்துவிடும் அண்ணே. நாலு நாள் கணக்கே தப்பு. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் எங்கள் பக்கம் தண்ணீர் வந்து சேர நாளாகிறது. நடவு தள்ளிப்போகிறது, ஆடுதுறை 43 மாதிரி குறுகிய கால ரகம் போட்டாலும் அறுப்பு பருவமழையில் மாட்டிக்கொள்கிறது. வாய்க்காலைத் தூர்வாரியிருக்க வேண்டும், அதைப் பேசுங்கள்.

நீடாமங்கலம் மாணவி:
அப்பா எங்களைத்தான் சொல்கிறார். குறுவை, மழையில் சாய்ந்துவிட்டது. பெல்ட் மிஷினுக்கு (சேற்று வயலிலும் ஓடும் அறுவடை இயந்திரம்) சொல்லி வைத்திருந்தோம், அது வேறு ஊருக்குப் போய்விட்டது. அடுத்த வரி: “வராதுன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அம்மாபேட்டை டீச்சர்:
மிஷின் வரவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வி ஷுட் ஹேவ் ஹார்வெஸ்டட் என்று போட்டால், செய்ய வேண்டியதை அப்பா செய்யாமல் விட்டார் என்று ஆகும். வி குட் ஹேவ் ஹார்வெஸ்டட் என்றால், வாய்ப்பு கையில் இருந்தும் விட்டுவிட்டார் என்று ஆகும். மிஷின் இல்லாதபோது வாய்ப்பு ஏது? இந்தப் பக்கம் தெரியாத ஒருவர் படம் பார்த்தால், மனிதர் அசட்டையாக இருந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார். ‘லாம்’ இதையெல்லாம் திறந்து சொல்வதில்லை, மீதியை அப்பாவின் குரல் சொல்லிவிடும். சப்டைட்டிலைப் படிப்பவருக்கு அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் புரியாது.

அதனால் முதல் வரிக்கு வெண்ணாற்றங்கரை சொன்னதுதான் சரி: ஐ விஷ் வி ஹேட் ஹார்வெஸ்டட் ஃபோர் டேஸ் எர்லியர். வருத்தம் இருக்கிறது, பழி இல்லை. திரையில் இடம் இருந்தால் மிஷினையும் சேர்க்கலாம்: இஃப் த மெஷின் ஹேட் கம், வி வுட் ஹேவ் ஹார்வெஸ்டட் இன் டைம்.

இரண்டாவது வரிக்கு தே குட் ஹேவ் டோல்ட் அஸ். இங்கே குட் கச்சிதம். ஒரு போன் போட அவர்களால் முடியும், போடவில்லை. தே ஷுட் ஹேவ் டோல்ட் அஸ் என்றால் காரம் கூடும், சொல்வது அவர்கள் கடமை என்று ஆகிவிடும். அப்பா கோபமாகச் சொல்கிறாரா, ஆதங்கமாகவா என்று பார்த்து முடிவு செய். மைட் ஹேவ் டோல்ட் அஸ் என்றும் குறைபட்டுச் சொல்வார்கள். ஆனால் எழுத்தில் படிப்பவர் ‘ஒருவேளை சொல்லியிருப்பார்களோ’ என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது, வேண்டாம்.

எங்காவது ‘செய்திருக்கக் கூடாது’ வந்தால் ஷுட் நாட் ஹேவ். குட் நாட் ஹேவ் போட்டால் ‘செய்திருக்க வாய்ப்பே இல்லை’ என்று அர்த்தம் திரும்பிவிடும்.

ஆங்கில ஆசான்:
மோடல் பற்றிய கேள்விக்கு விஷ் விடை ஆகாது. தேர்வில் மதிப்பெண் கிடைக்காது.

வெண்ணாற்றங்கரை:
இது தேர்வு இல்லை சார். ஒரு மனிதரின் பேச்சு.

ஒரத்தநாட்டுத் தம்பி:
இடையில் எனக்கும் ஒரு சந்தேகம் டீச்சர். மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினோம், அன்று ராத்திரியே நல்ல மழை. ‘பாய்ச்சியிருக்க வேண்டியதில்லை’ என்பதற்கு டிடன்ட் நீட் டு சரியா?

அம்மாபேட்டை டீச்சர்:
வி நீடன்ட் ஹேவ் பம்ப்ட் வாட்டர். பாய்ச்சினீர்கள், அது வீணானது என்று இது சொல்லிவிடும். டிடன்ட் நீட் டு என்றால் தேவை இருக்கவில்லை என்பதோடு சரி. பாய்ச்சினீர்களா இல்லையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நீடாமங்கலம் மாணவி:
முதல் வரிக்கு விஷ் ஹேட், இரண்டாவதுக்கு குட் ஹேவ் போட்டு அனுப்பிவிட்டோம். நன்றி டீச்சர், நன்றி அண்ணா.

கடைமடைக்காரன்:
சரிம்மா, சாய்ந்த நெல் என்ன ஆனது? கொள்முதலில் எடுத்துக்கொண்டார்களா?