மாசம் பத்து லட்சமா? ‘தோப்பு வீடு’ குடும்பக் குழுவில் ஒரு மார்கழி ஞாயிறு

காலை 7:05
செந்தில் சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு நல்ல விசயம். கவினை பைலட் கோர்ஸ்ல சேர்த்தறலாம்னு இருக்கறோம். ஈரோட்டுல ஒரு கன்சல்டன்சில பேசிட்டேன். 55 லட்சம் ஆகுதாம். தை பொறந்ததும் கிணத்துக்கு மேக்கால இருக்கற தோப்பைக் குடுத்தறலாம். அண்ணனும் அக்காவும் கையெழுத்துப் போட வந்தறோணும்.

7:09
ரமேஷ் மாமா: சூப்பர் மாப்ள 👏👏 கேப்டன் கவின்!

7:10
ரமேஷ் மாமா: இனி கேப்டன்னா விஜயகாந்துக்கு அடுத்து நம்ம கவின்தான்

7:16
மல்லிகா சித்தி: [படம்]
இதுதானுங்க அவங்க குடுத்த நோட்டீஸ்

7:31
சுகன்யா அத்தை: படிச்சேன். "கேப்டன் சம்பளம்: மணிக்கு 10,000 ரூபாய். மாதம் 100 மணி நேரம். பத்து லட்சம்". இவ்வளவுதான் போட்டிருக்கு. கேப்டன் ஆக எத்தனை வருசம்னு ஒரு வரி கூட இல்லையே செந்திலு?

7:33
செந்தில் சித்தப்பா: கோர்ஸ் 18 மாசம்தான் அக்கா. முடிச்சதும் வேலைங்கறாங்க. 2025 டிசம்பர்ல இண்டிகோக்காரன் பைலட் பத்தாம ஆயிரக்கணக்குல விமானத்தை ரத்து பண்ணலயா? அவ்வளவு தட்டுப்பாடு.

7:40
ரமேஷ் மாமா: அமெரிக்காவுல கேப்டனுக்கு மணிக்கு 400 டாலருக்கு மேலயாம். நேத்து ஒரு வீடியோ பாத்தேன். ஒரு மணிக்கு 35 ஆயிரம் ரூபா!!

7:42
சுகன்யா அத்தை: நம்ம வீட்டுலயே ஒருத்தி விமானம் ஓட்டறா. அவளைக் கேக்காம வீடியோவைக் கேக்கறீங்க. @நித்யா

7:44
பழனிசாமி பெரியப்பா: அவ காலைல டூட்டி. மத்தியானம்தான் போன் பாப்பா.

7:45
கவின்: நான் கேட்டேன் அத்தை. அக்கா "முதல்ல பரீட்சைக்குப் படி"ன்னு சொல்லிட்டாங்க 😐

மதியம் 1:22
நித்யா: இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். முழுசும் படிச்சுட்டேன். சித்தப்பா, தோப்புக்கு அட்வான்ஸ் வாங்கிட்டீங்களா?

1:23
செந்தில் சித்தப்பா: இன்னும் இல்ல கண்ணு. புதன்கிழமை வர்றாங்க.

1:24
நித்யா: அப்ப புதன் வரைக்கும் நேரம் இருக்கு. சாப்பிட்டுட்டு வர்றேன்.

1:51
நித்யா: முதல்ல அந்த நோட்டீஸ் கணக்கு. மாசம் 100 மணின்னா வருசத்துக்கு 1,200. ஒரு பைலட் 365 நாள்ல 1,000 மணிக்கு மேல பறக்கக் கூடாதுங்கறது விமானத் துறையை மேற்பார்க்கற டிஜிசிஏ-வோட சட்டம். நோட்டீஸ் அடிச்சவங்களுக்கு இது தெரியாம இருக்காது.

1:52
சுகன்யா அத்தை: 😂

1:58
நித்யா: அடுத்து மணிக் கணக்கு. சக்கரத்துக்கு அண்டைக் குடுத்து வெச்ச கட்டையை எடுத்ததுல இருந்து, போய் நின்னு திரும்பக் கட்டை வெக்கற வரைக்கும்தான் எங்களுக்குக் கணக்கு. இன்னைக்கு என்ர நாளைச் சொல்றேன். 3 மணிக்கு கார் வந்துச்சு. 4:10க்கு ரிப்போர்ட். பெங்களூர் – கோயம்புத்தூர் போய்த் திரும்பி, மறுபடி கொச்சி போய்த் திரும்பினேன். வீட்டுக் கதவைத் தொறந்தப்ப மணி ஒண்ணு. பத்து மணி நேரம் ஆச்சு. காசு எண்றது 4 மணி 20 நிமிசத்துக்கு.

1:59
மல்லிகா சித்தி: அய்யோ. ஆளுக ஏறி எறங்கற நேரத்துக்கெல்லாம் இல்லையா?

2:00
நித்யா: இல்லீங் சித்தி. அப்ப டீசல் போடற மாதிரி எரிபொருள் கணக்குப் பாக்கறோம், அடுத்த ஊர் வானிலை பாக்கறோம். அதுக்கெல்லாம் மீட்டர் ஓடாது.

2:04
நித்யா: சம்பளத்துல ரெண்டு பாகம் இருக்கு. மாறாத அடிப்படை ஒண்ணு. பறந்த மணிக்கு ஒரு அலவன்ஸ். பறக்காட்டியும் இத்தனை மணிக்குக் குடுத்துருவோம்னு கம்பெனி ஒரு உத்தரவாதம் தரும். கோவிட்டுக்கு முன்னாடி ஏர் இந்தியாவுல அது 70 மணி. 2023ல புது சம்பளம் போட்டப்ப 40 மணின்னாங்க. பைலட்டுக சங்கம் ஏத்துக்கல, பெரிய சண்டை ஆச்சு. மழைக்காலத்துல ரூட் குறைஞ்சா, லீவு போட்டா, தரையிலயே ஓட்டிப் பழகற சிமுலேட்டருக்குப் போனா மணி குறையும். எனக்கு நவம்பர்ல கைக்கு 2,31,000 வந்துச்சு. டிசம்பர்ல சிமுலேட்டர் டெஸ்டும் காய்ச்சலும் சேர்ந்து 1,92,000.

2:06
ரமேஷ் மாமா: ரெண்டு லட்சமே எனக்கு ரெண்டு மாச சம்பளம் அம்மணி 😄

2:07
நித்யா: நல்ல சம்பளம்தானுங்க மாமா, நான் குறையே சொல்லல. ஆனா இது மூணு கோடு சம்பளம். தோள்ல நாலு கோடு, இடது பக்கச் சீட்டு, அதுதான் கேப்டன். நான் வலது பக்கம், துணை பைலட்.

2:10
கவின்: அக்கா, நாலு கோட்டுக்கு எவ்ளோ நாள்?

2:15
நித்யா: லைசன்ஸ் வாங்க 200 மணி பறக்கோணும். கேப்டனுக்கு வேண்டிய ஏடிபிஎல் லைசன்ஸுக்கு 1,500 மணி. அது சட்டத்தோட குறைந்தபட்சம், கம்பெனிக அதுக்கும் மேல கேக்கும். அப்பறம் எழுத்துப் பரீட்சை, சிமுலேட்டர், பக்கத்துல பயிற்சி கேப்டனை வெச்சு மாசக்கணக்குல ஓட்டிக் காட்டறது. நான் 2022ல சேர்ந்தேன். இப்ப 2,400 மணி ஆச்சு. இன்னும் வரிசையிலதான் நிக்கறேன்.

2:17
நித்யா: சித்தப்பா சொன்ன தட்டுப்பாடு நிசம். பைலட்டுக்கு வாரத்துக்கு 36 மணி ஓய்வு இருந்ததை 48 ஆக்குனாங்க, ராத்திரி இறங்கறதை ஆறுல இருந்து ரெண்டாக் குறைச்சாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி கம்பெனி முன்கூட்டி ஆள் எடுத்து வெக்கல. ஆனா தட்டுப்பாடு நாலு கோட்டுக்குத்தான். 200 மணி முடிச்சுட்டு ஃபைலைத் தூக்கிட்டு அலையற பசங்க என் ஃபோன்லயே இருபது பேர் இருக்காங்க.

2:19
செந்தில் சித்தப்பா: கன்சல்டன்சி வேலைக்கு கேரண்டி குடுக்கறாங்களே கண்ணு

2:20
நித்யா: எழுதிக் கேளுங்க. ஸ்டாம்ப் பேப்பர்ல.

2:26
செந்தில் சித்தப்பா: சரி, கேப்டன் ஆயிட்டா பத்து வருமா வராதா, அதை மட்டும் சொல்லு.

2:29
நித்யா: ஏ320 மாதிரி சின்ன விமானத்துக் கேப்டன் ஒருத்தருக்கு ஆறு லட்சம்னு வெச்சுக்கங்க. கம்பெனியைப் பொறுத்து ஏறும், எறங்கும். மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கற கேப்டனுக்கும் பெரிய விமானக் கேப்டனுக்கும் கூட வரும். பத்தும் வாங்கறாங்க, நான் பாத்திருக்கேன். அவங்க தலை நரைச்சிருக்கும்.

2:44
சுகன்யா அத்தை: நான் ஒரு கணக்குப் போட்டேன், ஆபீஸ் பழக்கம். மாசம் 6ன்னா வருசம் 72 லட்சம். புது வரி முறைல 75 ஆயிரம் கழிச்சா 71.25. முதல் 24 லட்சத்துக்கு வரி 3 லட்சம். மிச்சத்துக்கு 30 சதவீதம், 14.17 லட்சம். 50 லட்சத்தைத் தாண்டினதால 10 சதவீதம் சர்சார்ஜ். அதுக்கு மேல 4 சதவீதம் செஸ். மொத்தம் 19.65 லட்சம். மாசம் 1.64 லட்சம் சர்க்காருக்கு. கைக்கு 4.36. பிஎஃப் வேற தனி.

2:46
ரமேஷ் மாமா: அமெரிக்காவுக்கே போயிரட்டும் விடு

2:52
நித்யா: மாமா பாத்த வீடியோ பொய்யில்ல. 2023ல டெல்டா பைலட்டுகளுக்கு நாலு வருசத்துல 34 சதவீதம் ஏத்திக் குடுத்தாங்க, மத்த பெரிய கம்பெனிகளும் பின்னாடியே வந்தாங்க. அந்த 400 டாலர், பெரிய விமானத்துல சீனியாரிட்டி உள்ளவங்களுக்கு. சீனியாரிட்டின்னா கம்பெனில சேர்ந்த தேதி. வேற கம்பெனிக்கு மாறினா கடைசி ஆளா நிக்கோணும். அதுவும் போக, அங்க வேலை செய்யற உரிமை இல்லாம நம்ம லைசன்ஸைக் காட்டினா உள்ளயே விட மாட்டாங்க.

2:53
ரமேஷ் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

2:54
சுகன்யா அத்தை: என்னங்க டெலிட் பண்ணுனீங்க?

2:54
ரமேஷ் மாமா: துபாய் வீடியோ

3:10
பழனிசாமி பெரியப்பா: செந்திலு, நான் டைப் அடிக்கறது மெதுவு. பொறுத்துப் படி.

3:19
பழனிசாமி பெரியப்பா: நித்யாவுக்கு லைசன்ஸ் படிப்பு 38 லட்சம். அது முடிஞ்சு ஏ320 ஓட்ட டைப் ரேட்டிங்னு தனியா 18. இது உன்ர 55ல சேருமா சேராதான்னு கேட்டியா? பேங்க்ல 50 லட்சம் லோன். 7.5 லட்சத்துக்கு மேல போனா சொத்து ஜாமீன் கேப்பாங்க. வீட்டைத்தான் வெச்சேன். 11 சதவீதம், 10 வருசம். மாசம் 68,875. இந்த நம்பர் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் வரும்.

3:27
பழனிசாமி பெரியப்பா: 2019ல லைசன்ஸ் வந்துச்சு. 2020ல கொரோனா. ஒருத்தனும் ஆள் எடுக்கல. ரெண்டு வருசம் மஞ்சள் வித்த காசு பூரா பேங்குக்குப் போச்சு. புள்ள மாடி ரூம்ல எட்டாவது பசங்களுக்கு கணக்கு டியூசன் எடுத்தா. நீங்க எல்லாம் கேட்டப்ப "டிரைனிங்ல இருக்கா"ன்னு சொன்னேன். பொய்தான்.

3:29
சுகன்யா அத்தை: அண்ணா. ஒரு வார்த்தை சொல்லலையே எங்ககிட்ட.

3:33
செந்தில் சித்தப்பா: அந்த வருசம் நான் டிராக்டர் எடுக்க உங்ககிட்ட ரெண்டு லட்சம் வாங்குனனே அண்ணா

3:34
பழனிசாமி பெரியப்பா: அதை விடு இப்ப.

3:36
மல்லிகா சித்தி: அப்பத்தா போனை வாங்கிப் பேசறாங்க, இருங்க

3:37
அப்பத்தா: [குரல் பதிவு, 0:34]

3:40
மல்லிகா சித்தி: நித்யா, அப்பத்தா கேக்கறாங்க: தீபாவளிக்கு அரிஷ்டம் குடுத்தப்ப வேண்டாம்னு தள்ளி விட்டியாமா, அதுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமான்னு.

3:43
நித்யா: ஆமா அப்பத்தா, அதுல சாராயச் சத்து இருக்கும். ஏறறதுக்கு முன்னாடி ஊதச் சொல்லுவாங்க. பூஜ்யம் காட்டோணும். வாய் கொப்பளிக்கற மருந்து கூட ஆகாது. முதல் தடவை மாட்டினா மூணு மாசம் லைசன்ஸ் முடக்கம். ரெண்டாவது தடவை மூணு வருசம். லைசன்ஸ் இல்லாட்டி மணி இல்ல, மணி இல்லாட்டி காசு இல்ல. உங்க அரிஷ்டத்துக்கு நான் 68,875ஐ எங்க போய்த் தேடறது?

3:44
கவின்: 😂😂

3:50
நித்யா: உடம்பும் அப்படித்தான். மெடிக்கல்ல தவறிட்டா அன்னைக்கே தரையில உக்கார வெச்சுருவாங்க. எங்க பயிற்சி கேப்டன் ஒருத்தர், முன்னால இருந்த கம்பெனி இழுத்து மூடினப்ப மாசக்கணக்குல சம்பளம் பாக்கி. 2012ல கிங்ஃபிஷர், 2019ல ஜெட், 2023ல கோ ஃபர்ஸ்ட்னு பேப்பர்ல பாத்தீங்கல்ல, அந்த மாதிரி ஒண்ணு. நாலு கோடு போட்டவர் எங்ககிட்ட மூணு கோட்டோட சேர்ந்தார். மறுபடி நாலு வாங்க ரெண்டு வருசம் ஆச்சு. ஒரு நாள் கூட அதைப் பத்தி மூஞ்சியைக் காட்டினதில்ல, நான் இறங்கறப்ப காத்து அடிச்சா மட்டும் "மெதுவா மா"ம்பார்.

4:02
கவின்: அக்கா நான் ஒண்ணு கேக்கலாமா. உங்களுக்குப் புடிச்சிருக்கா?

4:03
நித்யா: இன்னைக்கு விடிஞ்சதும் சத்தியமங்கலம் மேல வந்தப்ப கீழ பூரா மேகம். மலை உச்சிக மட்டும் வெளிய தெரிஞ்சுது. கேப்டன் டீ குடிச்சுட்டு இருந்தார், ஓட்டுனது நான். ரொம்பப் புடிச்சிருக்குடா.

4:05
செந்தில் சித்தப்பா: அப்ப வேண்டாங்கறியா வேணுங்கறியா? எனக்கு ஒண்ணும் புரியல.

4:12
நித்யா: படிக்கட்டும் சித்தப்பா. நோட்டீஸை நம்பித் தோப்பை விக்காதீங்க, அவ்வளவுதான். கவின் கண்ணாடி போடறான். கண்ணாடியோட பார்வை சரியா இருந்தாப் பரவாயில்ல, நிறம் பிரிச்சுப் பாக்க முடியலன்னா அங்கயே நின்னுரும். அதுக்கு முதல்ல கிளாஸ் 2 மெடிக்கல், டிஜிசிஏ அங்கீகாரம் உள்ள டாக்டர்கிட்ட. சில ஆயிரத்துல முடியும். அப்பறம் நேவிகேசன், வானிலை, ரெகுலேசன் பேப்பரை வீட்டுல இருந்தே படிச்சு, எழுதிப் பாஸ் பண்ணட்டும். அதுல பாஸ் ஆனா மட்டும் பறக்கற காசு. அதையும் தவணையாக் குடுங்க, மொத்தமா வேண்டாம். என் ஸ்கூல்ல அஞ்சு விமானத்துல ரெண்டுதான் பறக்கும், மூணு ரிப்பேர்ல நிக்கும். 200 மணிக்கு ரெண்டரை வருசம் ஆச்சு. உத்தரப் பிரதேசத்துல ரேபரேலி பக்கம் அரசாங்க ஸ்கூல் இருக்கு, அதுக்கு நுழைவுத் தேர்வு. அதையும் எழுதட்டும்.

4:20
செந்தில் சித்தப்பா: புதன்கிழமை வர்றவங்களுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன். தென்னைக்கு விலை ஏறி இருக்குன்னு சாக்குச் சொன்னேன்.

4:21
பழனிசாமி பெரியப்பா: 👍

4:25
கவின்: மெடிக்கலுக்கு எப்ப போலாம்? வெள்ளிக்கிழமை லீவு.

4:28
நித்யா: கோயம்புத்தூர்ல டாக்டர் நம்பர் அனுப்பறேன், கேட்டுட்டுப் போங்க. ஆதார், பழைய கண்ணாடிச் சீட்டு, ரெண்டு போட்டோ. ரத்தம் எடுப்பாங்க. காலைல எதுவும் சாப்பிடாம வெறும் வயித்தோட போகோணும்.

4:30
அப்பத்தா: [குரல் பதிவு, 0:09]

4:31
மல்லிகா சித்தி: வெறும் வயித்தோட பையனைக் கோயம்புத்தூர் வரைக்கும் கூட்டிட்டுப் போனா நானும் கூட வருவேன், இட்லி கட்டிக்கிட்டுங்கறாங்க.