எண்ட் டாஸ்க் கொடுத்தாலும் திரும்ப வரும் புரோகிராம்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 லேப்டாப். ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டே வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால், முதல் பத்து நிமிடம் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. சிபியு 20-ஐக்கூடத் தாண்டவில்லை. ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாத ஏழெட்டை டிஸேபிள் செய்தேன், கொஞ்சம் பரவாயில்லை.

சிக்கல் ஒன்றில்தான். பிரிண்டரோடு வந்த ஒரு அப்டேட்டர் அந்தப் பட்டியலிலேயே இல்லை, ஆனால் தினமும் ஓடுகிறது. எண்ட் டாஸ்க் கொடுத்தால் அரை நிமிடத்தில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. சர்வீஸாகவோ (பின்னணியில் ஓடுவது), டாஸ்க் ஷெட்யூலரிலோ (குறித்த நேரத்தில் புரோகிராமைத் தானாக ஓட்டுவது) ஒளிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சர்வீசஸில் அதை டிஸேபிள் செய்தால் பிரிண்ட் எடுப்பதும் நின்றுவிடுமா? தானாக ஆரம்பிக்கும் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் காட்டும் ஆட்டோரன்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் டூலைப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதில் டிக்கை எடுத்துவிட்டு, ஏதாவது கோளாறு என்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்தானே? போன வாரம் தெரியாமல், விண்டோஸ் சர்வீஸ்களை ஓட்டும் ஒரு சர்வீஸ் ஹோஸ்ட்டை நிறுத்தி நெட்டே போய்விட்டது, அதனால்தான் இந்தப் பயம்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி போடு என்பீர்கள், தெரியும். அது அடுத்த மாதச் சம்பளத்தில்.