தரவரிசைப் பட்டியலைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி:
மகளுக்கு அடுத்த வருடம் பள்ளி மாற்ற வேண்டும். தேர்வு மதிப்பெண்படி பள்ளிகளை வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். எல்லாக் குழந்தைக்கும் ஒரே வினாத்தாள், பெற்றோர் விரும்பிய பள்ளியில் சேர்க்கலாம், சரியாக நடத்தாத பள்ளியில் சேர்க்கை குறையும், அப்புறம் அது திருந்தித்தானே ஆக வேண்டும்? ஆசிரியராக இருக்கும் என் மைத்துனர் இதைச் சொன்னாலே கோபப்படுகிறார். எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
நான் கணக்கு ஆசிரியை. தேர்வே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், யாருக்குப் பின்னம் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் அதே மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிக்கு வரும் பணத்தையும் என் வேலையையும் முடிவு செய்ய ஆரம்பித்தால் எல்லாம் மாறிவிடுகிறது. ஒரு வருடம் எங்களை உட்காரவைத்து மாணவர் பெயர்களை மூன்று நிறத்தில் குறிக்கச் சொன்னார்கள். பச்சை எப்படியும் தேறும், சிவப்பு எப்படியும் தேறாது, நடுவில் மஞ்சள், தேர்ச்சிக்கு நாலைந்து மதிப்பெண் குறைவு. மாலை வகுப்பு மஞ்சளுக்கு மட்டும்தான். சிவப்பில் இருந்த ஒரு பையன் புத்தகப் பையோடு வாசலில் வந்து நின்று, "எனக்கும் வகுப்பு உண்டா மிஸ்?" என்று கேட்டான். அவனை வீட்டுக்கு அனுப்பினேன், இன்றைக்கும் உறுத்துகிறது. அந்த வருடம் பட்டியலில் எங்கள் பள்ளி மேலே ஏறியது.

பதில் 2:
மிஸ் சொல்வது பழைய கதை. இங்கிலாந்தில் 1862லேயே ஆய்வாளர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கில் குழந்தைகளைச் சோதிப்பார், தவறினால் பள்ளியின் மானியம் குறையும். பிள்ளைகளை வாசிப்புப் புத்தகத்தையே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். 1890களில்தான் அதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் 2002ல் வந்த சட்டம், 2014க்குள் எல்லா மாணவரும் வாசிப்பிலும் கணக்கிலும் தேற வேண்டும் என்றது, நடக்கவில்லை, 2015ல் வேறு சட்டம் கொண்டு வந்தார்கள். அட்லாண்டாவில் ஆசிரியர்களே விடைத்தாளில் தவறான விடையை அழித்துச் சரியானதை நிரப்பியிருக்கிறார்கள், 2011 விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 பேர். வாசிக்கவே திணறும் குழந்தை தாளில் 'தேர்ச்சி' என்று வந்துவிட்டால் அதற்குச் சேர வேண்டிய தனி உதவியும் போய்விடும், எனக்கு ஆறாதது அதுதான்.

கேட்டவர்:
சரி, தேர்வு விஷயம் புரிகிறது. ஆனால் பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பது நல்லதுதானே?

பதில் 3:
நல்லதுதான், தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்கும்வரை. சிலியில் 1980களின் தொடக்கத்திலிருந்து மாணவர் எந்தப் பள்ளிக்குப் போகிறாரோ அந்தப் பள்ளிக்கு அரசுப் பணம் போகும், தனியார் பள்ளியானாலும் சரி. என்ன ஆனது? பள்ளிகள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தன. மதிப்பெண்ணை உயர்த்தச் சுலபமான வழி, ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளையைச் சேர்ப்பது, மெதுவாகப் படிக்கும் பிள்ளையை வேறு இடம் பார்க்கச் சொல்வது. நடத்தும் விதத்தில் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. 2006ல் பள்ளி மாணவர்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள், அரசுப் பணம் வாங்கும் பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதைப் படிப்படியாக நிறுத்தும் சட்டம் 2015ல்தான் வந்தது.

பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பள்ளிக்கு நேரில் போய், போன வருடம் நடுவில் எத்தனை பேர் விலகினார்கள், ஏன் என்று கேளுங்கள். முடிந்தால் தேர்வில் வராத பாடம் நடக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பாட்டு வகுப்பிலும் கணக்குப் பயிற்சித்தாள் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பள்ளி வேண்டாம்.