சல்யூட் அப்பாவுக்குப் போனது: படையில் பணியாற்றிய தாய்மார்கள் பற்றிய நம் அனுபவங்கள்

நெல்லை மகள்:
சென்ற நவம்பரில், ஓய்வூதியம் தொடர்வதற்கான உயிர்வாழ்ச் சான்று கொடுப்பதற்காக அம்மாவையும் அப்பாவையும் வங்கிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அம்மா இராணுவ மருத்துவப் படையில் 22 ஆண்டுகள் மருத்துவராக இருந்து லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவர், அப்பா தமிழாசிரியர். எங்கள் கையிலிருந்த முன்னாள் படைவீரர் அட்டையைப் பார்த்ததும், தாமும் முன்னாள் படைவீரரான வாயிற்காவலர் குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து அப்பாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற அப்பா, செய்வதறியாமல் இரு கைகளையும் கூப்பி வணக்கம் சொல்ல, குடை கீழே விழுந்தது. உள்ளே இருந்த அலுவலரும் படிவத்தை அப்பாவின் பக்கமே நகர்த்தி, "சார் எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டார். "நான் ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்தியவன், கர்னல் இவர்கள்தான்" என்றார் அப்பா. அம்மா ஒன்றும் பேசாமல் படிவத்தை இழுத்துக் கையெழுத்திட்டார். திரும்பும்போது அந்தக் காவலரிடம் நானாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வந்துவிட்டேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பரங்கிமலைவாசி:
பக்கத்து வீட்டுப் பெண் அதிகாரியான அன்று, சென்னைப் பரங்கிமலையில் உள்ள இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் அணிவகுப்பைக் காண எனக்கும் அழைப்புக் கிடைத்தது. பரமேஸ்வரன் மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்வரிசையில் ஒரு பாட்டியின் மடியில் மூன்று வயதுக் குழந்தை இருந்தது. கணவரை இழந்தபின் பயிற்சியில் சேர்ந்த ஒரு பெண்ணின் குழந்தை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரே உடையும் ஒரே நடையுமாகப் பெண்களின் வரிசை கடந்தபோது அந்தக் குழந்தை எழுந்து நின்று, "பாட்டி, இதில் அம்மா எது?" என்று கேட்டது. பாட்டிக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினார். குழந்தை அந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்தது.

2015இல் காஷ்மீரின் குப்வாராவில் கணவர் கர்னல் சந்தோஷ் மகாதிக்கை இழந்து, இரண்டு குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு, 11 மாதப் பயிற்சியை இதே மைதானத்தில் முடித்து 2017 செப்டம்பரில் அதிகாரியான சுவாதி மகாதிக்கைப் பலருக்கும் நினைவிருக்கும். அவரைப் போற்றியவர்கள் கணவரின் பெயரைச் சொல்லித்தான் போற்றினார்கள். நெல்லை மகள் சொல்லும் காவலரும் அதே வழக்கத்தில் வந்தவர்தான். படைவீரரின் மனைவி, படைவீரரின் தாய் என்றால் நமக்கு உடனே கண் கலங்குகிறது. தாயே படைவீரர் என்றால் சற்று நேரம் பிடிக்கிறது.

பழைய எழுத்தர்:
மேலே எழுதிய இருவரும் அலுவலர்கள் மீது பாரத்தை ஏற்றுவது முறையன்று. நான் ஓய்வூதியப் பிரிவில் உட்கார்ந்தவன். ஒரு நாளைக்கு நூறு பேர் வந்தால் அவர்களில் தாமே பணியாற்றிய பெண் ஒருவர் வருவதே அரிது. வருகிற பெண்கள் பெரும்பாலும் கணவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் பெறுபவர்கள். நானும் ஒரு முறை ஓர் அம்மையாரிடம் கணவரின் இறப்புச் சான்றைக் கேட்டுவிட்டேன். அவர் திரும்பி, வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரை, "இங்கே கொஞ்சம் வாருங்கள், உங்கள் இறப்புச் சான்றைக் கேட்கிறார்கள்" என்று கூப்பிட்டார். அந்த வெட்கம் எனக்குப் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவின் ஓய்வூதிய ஆணையை எடுத்து, அதில் கணவரின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக உள்ளனவா என்று இன்றே பாருங்கள். மனைவிக்குப் பின் கணவருக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பின்னாளில் அலைய வேண்டிவரும் என்பதால் இப்போதே திருத்தக் கொடுத்துவிடுங்கள். முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்ட அட்டையில் கணவர் சார்ந்திருப்பவராகச் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அம்மாவின் பெயரிலேயே பதிவு இருக்க வேண்டும். உயிர்வாழ்ச் சான்றுக்கு இனி நேரில் போக வேண்டிய அவசியமும் இல்லை. விரல்ரேகை வைத்து மின்னணு முறையிலேயே கொடுக்கும் வசதி 2014 முதல் இருக்கிறது. மூலப் படிவங்களை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள்.

வெள்ளைச் சீருடை:
எழுத்தர் ஐயா சொன்னவை பயனுள்ளவையே. ஆனால் அந்த மகள் எழுதியது படிவத்தைப் பற்றியன்று.

நான் இராணுவச் செவிலியர் பணியில் இருந்தவள். 1991இல் சேர்ந்தபோது, திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டு அனுப்பலாம் என்னும் 1977ஆம் ஆண்டு விதி நடப்பில் இருந்தது. 1995இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். நான் அடுத்த ஆண்டு திருமணம் செய்துகொண்டேன். அந்த விதியின்கீழ் 1988இல் வெளியேற்றப்பட்ட செலினா ஜான் என்னும் செவிலியர் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்த செய்தியைப் படித்த அன்று நான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. தாயாவதற்கு முன்னமே வாசலை அடைத்துவிட்ட காலம் அது.

1999 கோடையில் என் குழந்தைக்கு ஐந்து மாதம். குழந்தையை நாகர்கோவிலில் அம்மாவிடம் விட்டுவிட்டு வடக்கே ஓர் இராணுவ மருத்துவமனைக்குப் போனேன். கார்கிலிலிருந்து காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஓர் இரவு, ஒரு காலை இழந்த ஜவானுக்குக் கட்டு மாற்றும்போது எனக்குப் பால் கட்டி, வெள்ளைச் சீருடையின் முன்புறம் முழுவதும் நனைந்துவிட்டது. இரண்டு கைகளிலும் கையுறை, கட்டு பாதியில் நிற்கிறது, நகர முடியாது. இருபது வயதுகூட நிரம்பாத அந்தப் பையன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தலைமாட்டில் கிடந்த தன் துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினான். கட்டு முடியும்வரை அவன் திரும்பவே இல்லை. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டேனே என்று இப்போதும் நினைப்பதுண்டு. எனக்குப் பதக்கமும் கொடுத்தார்கள்; எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

14 ஆண்டு:
என் அம்மா இராணுவத்தில் நிரந்தரமல்லாத குறுகியகாலப் பணியில் 14 ஆண்டுகள் இருந்து, பெண்களுக்கும் நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே வெளியே வந்தவர். ஓய்வூதியமே இல்லாதவர் என்பதால் எழுத்தர் ஐயாவின் ஓய்வூதிய அறிவுரை எங்களுக்குப் பொருந்தாது. என் பள்ளி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்னும் இடத்தில், கேட்காமலேயே "இல்லத்தரசி" என்று எழுதினார் ஆசிரியை. அம்மா அந்தச் சொல்லுக்கு முன்னால் "மேஜர்," என்று ஒரு காற்புள்ளியோடு சேர்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

நெல்லை மகள்:
எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஓய்வூதிய ஆணையை எடுத்துப் பார்த்ததில், அப்பாவின் பிறந்த ஆண்டு உண்மையாகவே தவறாக இருக்கிறது. எழுத்தர் ஐயாவுக்கு நன்றி. செவிலியர் அம்மாவிடம் ஒன்று கேட்கச் சொன்னார் என் அம்மா: அந்தப் பையனுக்குக் கால் போனது முழங்காலுக்கு மேலேயா, கீழேயா?