மலையில் போன் வாங்கியபோது முதலில் எதைப் பார்த்தீர்கள்?

கோத்தகிரி பக்கத்திலிருந்து:

போன மாதம் அப்பாவுக்குப் போன் வாங்கினோம். கடையில் இருந்த தம்பி ஐந்து போன்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று சொல்லத் தொடங்கினார். "அது இருக்கட்டும் தம்பி, எந்தெந்த பேண்ட், அதாவது டவரோட எந்தெந்த அலைவரிசையை எடுக்கும்னு முதல்ல பாருங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு எனக்கும் தெரியாத விஷயம்தான்.

அதைத் தெரிந்துகொண்டது ஒரு ஜூலை மாத ராத்திரியில். நல்ல மழை, கரண்ட் போய் மூன்று மணி நேரம். அம்மாவுக்கு மூச்சு முட்டியது. வீட்டில் இருந்ததிலேயே விலை கூடிய போன், பெரியப்பா மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து கொடுத்தது. அதில் டவரே இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் எட்டாயிரம் ரூபாய் போன்தான் இருந்தது, சிம்மும் நான் வைத்திருந்த அதே கம்பெனிதான். அதில் இரண்டு புள்ளி காட்டியது. அந்த போனில்தான் ஜீப்புக்குச் சொன்னோம். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்.

ஒரே கம்பெனி சிம், ஒரே இடம், ஒன்றில் வருகிறது, ஒன்றில் வரவில்லையே என்று பிறகு தேடிப் படித்தேன். எங்கள் வீடு இரண்டு சரிவுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. டவர் எதிர் மேட்டுக்கு அந்தப் பக்கம். 2300 மெகாஹெர்ட்ஸ் அலையில் வேகம் நன்றாகக் கிடைக்கும், ஆனால் மேடு, மரம், சுவர் எல்லாம் அதைச் சீக்கிரம் தடுத்துவிடும். 850, 900 போன்ற குறைந்த அலைகள் மேட்டைத் தாண்டி ஓரளவு வளைந்து இறங்கும், சுவருக்குள்ளும் வரும். போன் விவரத்தில் இவற்றை பேண்ட் 5, பேண்ட் 8 என்று போட்டிருப்பார்கள். 5ஜி என்றால் 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது என்28. வெளிநாட்டு போனின் பட்டியலில் 5 இல்லை. அவ்வளவுதான் காரணம்.

அதனால் இந்த முறை கம்பெனியின் இந்தியத் தளத்தில் அந்த மாடலின் பேண்ட் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கே போனோம். அதற்கும் முன்னால், ஊரில் அதே மாடல் வைத்திருந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்து, எங்கள் சிம்மைப் போட்டு அடுப்படியில் நின்று பேசிப் பார்த்தோம். இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியவில்லை. வீட்டில் இன்டர்நெட் லைன் இருப்பவர்கள் வைஃபை காலிங் (டவர் இல்லாமல் வைஃபை வழியாகவே பேசும் வசதி) இருக்கிறதா என்றும் பாருங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும், அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும்.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வந்தால் ஆரம்பத்தில் ஊசிமுனை அளவு புள்ளிதான் தெரியும். அதைப் படம் எடுத்து அனுப்பித்தான் அப்பா மருந்து கேட்பார். இதற்கு, மிகப் பக்கத்தில் படம் எடுக்க என்று 'மேக்ரோ' பெயரில் ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் கேமரா உதவவே இல்லை. பெரிய கேமராவே பக்கத்தில் வைத்தாலும் ஃபோகஸ் பிடிக்கிறதா என்று கடையிலேயே ஓர் இலையை வைத்துப் பாருங்கள். 50 மெகாபிக்சல் போனும் பெரும்பாலும் நாலு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அப்புறம் ஈரம். ஐபி என்று போட்டு வரும் இரண்டு எண்ணில் முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கும் தண்ணீர் வரை. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், அதுவும் நல்ல தண்ணீரில். சட்டைப் பையில் நனைகிற மழைக்கு 4 போதும் என்று முடிவு செய்தோம். அப்பாவின் விரலில் தேயிலைக் கறையும் வெடிப்பும் இருப்பதால் கைரேகை பதியவில்லை, நாலு எண் போட்டுத் திறக்கிறார். திரையில் தண்ணீர்த் துளி இருந்தால் அதுவும் தடுமாறுகிறது.

மன்னவனூரிலிருந்து:

நான் கொடைக்கானலுக்குக் காய்கறி லோடு ஏற்றுகிறேன். எனக்கு முதலில் பேட்டரிதான். ஜனவரியில் உறைபனி விழுகிற விடியற்காலையில் 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் சட்டென்று அணைந்துவிடும். பழுது என்று இரண்டு முறை கடைக்குக் கொண்டுபோய்ப் பணம் கொடுத்தேன். குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் மின்சாரம் ஓடுவதற்கான தடை கூடிவிடுகிறது, சார்ஜ் இருந்தும் தேவையான அளவு வெளியே தர முடியவில்லை. உடம்போடு ஒட்டின உள்பையில் கொஞ்ச நேரம் வைத்தால் திரும்ப வந்துவிடும். அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றாதீர்கள். அதிகம் பயன்படுத்திய பழைய பேட்டரியில் இந்தத் தொல்லை கூடுதல். புதிதாக 6000 எம்ஏஎச் (பேட்டரி கொள்ளளவு) பார்த்து வாங்கினேன். கனம்தான், பரவாயில்லை. ராத்திரி ஜீப் டேஷ்போர்டில் போனை விட்டுவிட்டு வருவதையும் நிறுத்திவிட்டேன்.

கூடலூரிலிருந்து:

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. *#06# போட்டால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனுக்கென்றே உள்ள அடையாள எண் வரும். கேஒய்எம் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு மெசேஜ் அனுப்புங்கள். திருடுபோனதாக முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். விலை பேசும் முன்பே பாருங்கள். நான் பணம் கொடுத்த பிறகு பார்த்தேன், விற்றவர் அதற்கப்புறம் போனே எடுக்கவில்லை.

கோத்தகிரி பக்கத்திலிருந்து, மறுபடியும்:

மன்னவனூர் அண்ணா சொன்ன உள்பை விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எங்கள் அடுப்படியில் இப்போது இரண்டு புள்ளி நிலையாக நிற்கிறது. கீழ்த்தோட்டத்தில் மட்டும் எந்த போனுக்கும் டவர் இல்லை, அங்கே காட்டெருமை நடமாட்டமும் உண்டு. அந்தப் பக்கம் வேலை இருக்கிற நாளில், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அப்பா இறங்குகிறார்.