லட்லோவில் படி இல்லாத நடைபாதை தெரிந்தவர்கள் உதவுங்கள்

அக்டோபர் கடைசியில் அம்மாவை இங்கிலாந்தின் லட்லோவுக்கு அழைத்துப் போகிறேன். முழங்கால் தேய்மானம், சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் கால் பிடித்துக்கொள்ளும். டீம் ஆற்றின் அக்கரையில், விட்கிளிஃப் மேட்டில் நின்றால் கோட்டையும் செயின்ட் லாரன்ஸ் தேவாலயக் கோபுரமும் சேர்ந்து தெரியும். அதை அம்மா பார்த்தே ஆக வேண்டும்.

டின்ஹாம் பாலத்திலிருந்து பிரெட் வாக் என்ற ஆற்றோரப் பாதை வழியாக லட்ஃபோர்டு பாலம் வரை நானே நடந்து பார்த்தேன். புடைத்த வேர்கள், ஈர இலைச் சறுக்கல், அம்மாவுக்கு ஒத்துவராது. ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 203 வரைபடத்தையும் அலசிவிட்டேன். பாதை இருக்கிறது, சரி. சேறா, கல்லா என்று அதில் தெரியவில்லை. வாடகை கார் இருக்கும்.

வண்டியை எங்கே நிறுத்தினால் படி ஏறாமல் அந்த மேட்டுக்குப் போகலாம்?